‘அப்பால போ’ என்றால் போவதா, நிற்பதா?: ராயபுரம் முதல் எண்ணூர் வரை காதால் ஒரு பயணம்

கடந்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு நாள் போய் வந்தேன். இயந்திரங்கள் மனிதர்களிடம் எப்படிப் பேசுகின்றன என்று கேட்பதற்காகப் போன பயணம் இது. கடற்கரைப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் வேறு பதிவைப் பார்க்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

காரணம் இதுதான். பதினாறு வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தொலைபேசியில் ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று ஒரு பெண் சொல்வாரே, அந்த மாதிரிக் குரல்களை எங்கே, எப்படி, எத்தனை சொல்லில் பேச வைப்பது என்று தீர்மானிப்பது என் வேலை. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன்: துறைமுகப் பகுதியில் வைக்கும் இயந்திரங்கள் துறைமுகத்துக்காரர்களைப் போலவே பேசட்டும், செய்தி வாசிப்பவர் போல வேண்டாம். மேலாளர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்து, சினிமாவில் ரவுடிகள் பேசுவது போல நடித்துக் காட்டினார். பதினான்கு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். அடுத்த வருடம் என் நாற்காலியை ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். அதற்கடுத்த வருடம் நான் அங்கே இல்லை.

இப்போது அதே நிறுவனம் எண்ணூர்ச் சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில், உள்ளூர்ப் பெண்மணி ஒருவரின் குரலில் பேசும் கருவியை விற்றிருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. இதை எனக்குச் சொன்னது தினேஷ். ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன். இன்று அந்த யார்டில் பாதுகாப்பு அதிகாரி. “சார், அந்தக் குரலைக் கேட்டுட்டு ஒரு இன்சிடென்ட் ஆயிடுச்சு. வெளியாள் ஒருத்தரோட கருத்து எழுத்துல வேணும். ஃபீஸ் எல்லாம் கொடுக்க முடியாது, மதியச் சாப்பாடு மட்டும்தான்” என்றான். ஒப்புக்கொண்டேன். கேட்டுவிட வேண்டும் என்ற ஆவல் பாதி. மீதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

நங்கநல்லூரில் காலை 5.10 மெட்ரோ. வண்ணாரப்பேட்டை வரை நாற்பது ரூபாய். அங்கிருந்து ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய் (நூற்றைம்பதில் ஆரம்பித்தார்). ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தபோது ஏலம் உச்சத்தில் இருந்தது. ஐஸ் உடைக்கும் சத்தம், விசைப்படகு இன்ஜின், கூடையைத் தரையில் தேய்க்கும் சத்தம், அதற்கு மேல் மனிதத் தொண்டைகள். ஒவ்வொரு மீன் பலகைக்குப் பக்கத்திலும் பணம் வந்ததைச் சொல்லும் சின்னப் பெட்டி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே குரல், ஒரே தூய தமிழ்: ‘…ரூபாய் பெறப்பட்டது.’

சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், பக்கத்துப் பெட்டி பேசியதா உங்கள் பெட்டி பேசியதா என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“அது பேசறத எவன் சார் கேட்டுகினு கீறான்? பேசறதுக்கு முன்னாடி டிங்குனு ஒண்ணு வரும்பாரு. என்து கொஞ்சம் ஒடஞ்ச டிங்கு. ஒருவாட்டி ஐஸ் தண்ணில வுழுந்துட்ச்சு. அத்தொட்டு எனக்குத் தெரியும்.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “மீன் வாங்குறியா, இல்ல பொட்டிய வெல பேசறியா?”

மீன் வாங்கவில்லை. நாள் முழுக்கக் கையில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அவர் சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

புது வண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்கு நடந்தே இருபத்தைந்து நிமிடம். விம்கோ நகர் வரை முப்பது ரூபாய். பிறகு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், சுமார் நான்கு கிலோமீட்டர். இடது ஓரம் முழுக்க டிரெய்லர்கள் வரிசையில் நிற்கின்றன. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் தூளி கட்டித் தூங்குகிறார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை மூன்று விதமாக அடித்தார்: ஆள் ஏறச் சொல்ல ஒன்று, லாரிக்காரனைத் திட்ட ஒன்று, தெரிந்தவருக்கு வணக்கம் சொல்ல ஒன்று. யாருக்கும் குழப்பம் வரவில்லை.

யார்டு வாசலை 8.40க்கு அடைந்தேன். அமைப்பு எளிமையானது. வாசலில் ஒரு கம்பம், அதன் தலையில் ஒலிபெருக்கி. லாரி வாசலை நெருங்கியதும் கேமரா எண்ணைப் படிக்கும். உள்ளே எடை மேடை காலி என்றால் ஒலிபெருக்கி லாரி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லி ‘வா வா’ என்று கூப்பிடும். மேடையில் வேறு வண்டி நின்றால் அதே எண்ணைச் சொல்லி ‘அப்பால போ’ என்று சொல்லும்.

முதல் முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது, மறைக்க விரும்பவில்லை. கரகரப்பான, அவசரமில்லாத, அதிகாரம் உள்ள குரல். நான் பதினொரு வருடத்துக்கு முன் காகிதத்தில் கேட்ட குரல்.

குரலுக்குச் சொந்தக்காரர் ஜெயந்தி. எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. ஒன்பது வருடம் இதே வாசலில் வெயிலில் நின்று, பச்சை சிவப்புக் கொடி பிடித்து வண்டிகளை உள்ளே விட்டவர். இப்போது காவல் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கருவியைக் கவனிக்கிறார். “இன்னா சார், நீ தான் அந்த சவுண்டு ஆளா? வா, குந்து” என்று ஸ்டூலைத் தள்ளினார்.

நடந்தது என்ன என்று தினேஷ் சொன்னான். பத்து நாளுக்கு முன் இசக்கி என்ற ஓட்டுநர் இந்த வாசலுக்கு முதல் தடவையாக வந்திருக்கிறார், தூத்துக்குடிக்காரர். கம்பம் அவர் வண்டி எண்ணைச் சொல்லி ‘அப்பால போ’ என்றது. வாசலிலிருந்து பார்த்தால் எடை மேடை தெரியாது; இசக்கி வண்டியை உள்ளே நகர்த்தினார். மேடையிலிருந்த டிரெய்லரின் பின்விளக்கும் இவர் பம்பரும் நொறுங்கின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குரல் சரியான நேரத்தில் ஒலித்ததற்குக் கருவியில் பதிவு இருக்கிறது. ‘ஓட்டுநர் உத்தரவை மீறினார்’ என்று கருவியை விற்ற நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டது. இசக்கியின் வாசல் பாஸ் முடக்கம். சனிக்கிழமைக்குள் பாஸ் திரும்பக் கிடைக்காவிட்டால் வண்டியை வேறு ஓட்டுநருக்குக் கொடுத்துவிடுவதாக அவருடைய முதலாளி சொல்லியிருக்கிறார். அன்று வியாழன்.

இசக்கியும் அங்கேதான் இருந்தார். தினமும் காலையில் வந்து வாசலுக்கு எதிரில் உள்ள டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறாராம். நாற்பது வயதுக்குள் இருக்கும், சட்டைப் பையில் பயனற்ற பாஸ். தினேஷ் கூப்பிட்டதும் காவல் அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வர அனுமதி இல்லை.

“யக்கா, நீங்களே சொல்லுங்க. போன்னு சொன்னீயளா இல்லியா?”

“நான் எங்க போன்னு சொன்னேன்? அப்பால போன்னேன்.”

“அப்பால போன்னா போவத்தான செய்யணும்?”

“இன்னாபா இது பேஜாரா கீது! அப்பால போன்னா நில்லுன்னு அர்த்தம்!”

“போன்னா நில்லா? எந்த ஊர்லக்கா இது?”

“இந்த ஊர்ல!” என்று ஜெயந்தி மேசையைத் தட்டினார்.

இருவரும் சொன்னது சரி. அப்பால் என்றால் தெற்கே ‘அந்தப் பக்கம், தள்ளி’. சென்னைப் பேச்சிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் அதைவிட அதிகமாக ‘அப்பால’ என்றால் அப்புறம். ‘அப்பால வரேன்’ என்றால் பிறகு வருகிறேன். ஜெயந்தி சொன்னது, பிறகு போ. இசக்கி கேட்டது, தள்ளிப் போ.

சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்பது என் பழைய பழக்கம். ஒலித்துண்டை என் போனில் வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். டீ பன்னிரண்டு ரூபாய், தரமான டீ. உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களிடம் ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டி, இதைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தண்டையார்பேட்டைக்காரரும் திருவொற்றியூர்க்காரரும் யோசிக்காமல் ‘நிப்பேன்’ என்றார்கள். சேலத்துக்காரர் ‘போவேன்’ என்றார். நெல்லூர்க்காரர் ‘போ என்று கடைசியில் வருகிறது, அது போதும்’ என்று தெலுங்கு கலந்து சொன்னார். மதுரைக்காரர் மட்டும் கோபப்பட்டார்: “வாசல்ல வந்து நிக்கிறவன இப்படியா வெரட்டுவாங்க?”

டீ ஆறிவிட்டது. வாசல் கருவி உள்ளூர்க்காரர்களைப் போலப் பேச வேண்டும் என்று எழுதியவன் நான். அந்த வாசலுக்கு வருகிற வண்டிகளில் பாதி உள்ளூர் இல்லை என்பதை அன்று நான் எழுதவில்லை, யோசிக்கவும் இல்லை. அன்று சிரித்த அந்தப் பதினான்கு பேரும் இந்தக் காரணத்துக்காகச் சிரிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனாலும் ஓட்டை இருந்தது.

திரும்பி வந்து சொன்னபோது ஜெயந்திக்கு முகம் சுருங்கியது. “அப்டின்னா என் பேச்சு தப்பா? நான் வெறும் அப்பால போன்னா சொன்னேன்? ஒம்போது வருசமா இங்க நின்னுகினு சொன்னத அப்டியே சொன்னேன் சார். ‘உள்ள வண்டி கீது, அப்பால போ.’ அப்டிச் சொன்னா எவனுக்குப் புரியாது?”

ஜன்னலுக்கு வெளியே இசக்கி நிமிர்ந்தார். “இந்தா, இப்பச் சொன்னீயளே, இது வெளங்குது! உள்ள வண்டி கெடக்குன்னா எவன் போவான்?”

தினேஷ் கருவியின் கோப்புகளைத் திறந்தான். முழு வாக்கியமும் இருந்தது, பதிவு செய்தபடியே. ‘உள்ள வண்டி கீது’ என்பதற்கும் ‘அப்பால போ’ என்பதற்கும் நடுவில் ஜெயந்தி ஒரு மூச்சு விட்டிருந்தார். அந்த மூச்சில் கத்தரி வைத்து முன்பாதியைத் தூக்கியிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பிடித்துவிட்டேன் அவர்களை. அந்த நிறுவனத்தின் பெயரோடு, சொல்லுக்குச் சொல், எழுதித் தரப் போகிறேன்.

“ஏன் வெட்டினாங்களாம்?” என்று கேட்டேன்.

“மேனுவல்ல ஒரு விதி இருக்கு சார்” என்று தினேஷ் திரையைத் திருப்பினான். என்னை நேராகப் பார்க்காமல் திருப்பினான்.

‘வண்டி எண் நீங்கலாக, வாசற்செய்தி எதுவும் இரண்டு விநாடியைத் தாண்டலாகாது.’ தாண்டலாகாது. அந்த நிறுவனத்தில் அப்படி எழுதக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான். ஓட்டுநர் நீளமாகக் கேட்க மாட்டார், சுருக்கு, இன்னும் சுருக்கு என்று இரண்டு மாதம் சண்டை போட்டு அந்த விதியைச் சேர்க்க வைத்தேன். நான் விட்டுவந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

தினேஷ் எல்லாம் தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறான். அவன் பெயரிலும் ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அந்தத் திரையையே மறுபடி மறுபடி படித்ததை இசக்கி வேறு மாதிரி புரிந்துகொண்டார் போல. ஆறுதலாகவே சொன்னார்: “அண்ணாச்சி, பேச்ச விடுங்க. ரிவர்ஸ் எடுக்கையில கிளீனர் பயல் பாடியில ஒத்தத் தட்டு தட்டுனா பிரேக்க மிதிச்சிருவேன். ரெட்டத் தட்டுன்னா போவேன். அதுக்கு என்ன பாஷ இருக்கு?”

“அட நைனா!” ஜெயந்தி எழுந்தே விட்டார். “கொடிக் குச்சியால நானும் அத்த தான பண்ணிகினு இருந்தேன்! ஒண்ணு தட்னா ஆந்திராக்காரனும் நிப்பான், ஒரிசாக்காரனும் நிப்பான். பேச்சு அப்பால தான் சார்.”

அப்பால என்றால் அப்புறம். இந்த முறை இசக்கிக்கும் புரிந்தது, இருவரும் சிரித்தார்கள்.

சுவரோரம் நின்ற காலி கன்டெய்னரின் கதவில் ஜெயந்தி உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தார். தினேஷ் போனில் பதிவு செய்தான். அதை முழு வாக்கியத்துக்கு முன்னால் ஒட்டினோம்: ஒரு தட்டு, வண்டி எண், ‘உள்ள வண்டி கீது, அப்பால போ’. ஐந்து விநாடிக்கும் மேல். 11.50க்கு வந்த நெல்லூர் டிரெய்லருக்கு அதைப் போட்டோம். தட்டு விழுந்ததும் பிரேக் சீறி வண்டி நின்றது. எண்ணைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, வண்டியில் யார் தட்டியது என்று பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டின்போது (மீன் குழம்பு, தினேஷ் செலவு, எண்பது ரூபாய்) தினேஷ் மெதுவாகச் சொன்னான்: “சார், ‘குரல் தெளிவா இல்லை’ன்னு ரெண்டு வரி எழுதுங்க. இசக்கிக்குப் பாஸ் கிடைச்சிடும். உங்க பேரும் வராது.”

குரல் தெளிவாக இல்லை என்று எழுதினால், அடுத்த வாரம் செய்தி வாசிப்பவர் குரல் வந்துவிடும். குரலுக்காகக் கிடைத்த காவல் அறை வேலை போய், ஜெயந்தி கொடியோடு வெயிலுக்குத் திரும்புவார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு மணிக்கு ஜெயந்தியின் ஷிப்ட் முடிந்தது. நெட்டுக்குப்பத்துக்கு அவரோடே போனேன், ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய். கழிமுகத்தில் ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மறுபக்கம் சாய்த்து வைத்த ஃபைபர் படகுகள். தண்ணீர் ஓரத்தில் சாம்பல் படிந்த சேறு. வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிகின்றன. ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து போனில் எழுத ஆரம்பித்தேன். ஜெயந்தி தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்து, இன்னா எழுதுற என்று கேட்டார். விதியை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

என் எதிரில் உட்கார்ந்தார்.

“அப்போ என் நாக்க அறுத்தவன் நீ தானா?”

“ஆமாம்மா.”

“எத்த வச்சி ரெண்டு செகண்டுன்னு சொன்ன? இங்க வந்து நின்னு பாத்தியா?”

“இல்ல. ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதினேன்.”

“அத்தையும் எழுது” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எழுதினேன். ஓட்டுநர் கேட்டபடிதான் நடந்தார், பேசியவர் பேசியது முழுமையாக இருந்தது, வெட்டியது விதி, விதியை எழுதியவன் நான், எந்த வாசலையும் பார்க்காமல் எழுதினேன். நிறுவனத்தைப் பற்றிக் காரமாக எழுதியிருந்த நான்கு வரிகளை அழித்தேன். அழிக்க அதிக நேரம் பிடித்தது, பெருமைக்காகச் சொல்லவில்லை. 4.10க்குத் தினேஷுக்கு அனுப்பினேன். எண்ணூர் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலுக்குப் பத்து ரூபாய். ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரை மூன்று மொழியில் சொன்னார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, பாலம் வரும் சத்தத்தில் எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காசிமேட்டுக்கு ஆறரைக்குள் போய்விடுங்கள். செருப்பு வழுக்கும், பின்பட்டி உள்ளதாகப் போடுங்கள். எண்ணூர்ச் சாலையில் தூசு கடுமை, முகக்கவசம் அவசியம். யார்டு, துறைமுக வாசல்களில் அனுமதி இல்லாமல் போனை நீட்டாதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். தினேஷ் மாதிரி ஒருவர் தெரிந்திருந்தால் மட்டுமே உள்ளே போகலாம். யார் குரலைப் பதிவு செய்தாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், முழுவதும் அவர்களுக்கே திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். மொத்தச் செலவு எனக்கு நானூறு ரூபாய்க்குள். குரல், ஒலி இவற்றை வைத்து ஏதாவது வடிவமைப்பவர் என்றால், முதலில் ஒரு மணி நேரம் அந்த வாசலில் வெறுமனே நில்லுங்கள். அங்கே ஏற்கெனவே என்ன ஒலி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் கேட்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை மதியம் 12.20க்கு ஜெயந்தியிடமிருந்து போன் வந்தது. தினேஷ்தான் எண்ணைக் கொடுத்திருக்கிறான்.

“சார், பாஸு குட்த்துட்டாங்க. வண்டியோட வந்து கீறான். இரு, தரேன்.”

ஜன்னல் வழியாகப் போன் கைமாறும் சத்தம். இன்ஜின் உறுமல். பின்னால் ஒலிபெருக்கியில் அவர் குரல், வெட்டாமல், முழு வாக்கியமாக.

“என்ன இசக்கி, உள்ளே போயாச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல அண்ணாச்சி” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “நிக்கேன்.”